வைவாவுக்குப் போன சீர்த்தட்டு

என் மனைவி என்ன படித்தாள் என்று யாராவது கேட்டால், கணக்கு என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் என் வழக்கம். விடாமல் கேட்பவர்களிடம் மட்டும் எங்கள் கம்பெனியின் செக்கிங் மேஜையை வைத்து விளக்குவேன். விளக்கம் என் சொந்தச் சரக்கு இல்லை. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

திருப்பூர் நல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவன் நான். எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. மெஷினிலிருந்து இறக்கிய பனியன் துணி, கண்ணாடி மேஜை மேல் மெதுவாக நகர்ந்து போகும். கண்ணாடிக்குக் கீழே ட்யூப் லைட் எரியும். ஊசி உடைந்து துணியில் ஓட்டை விழுந்திருந்தால் அதன் வழியே வெளிச்சம் கண்ணில் குத்தும். உடனே மேஜையை நிறுத்தி, ஓட்டைக்கு நேராகத் துணி ஓரத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். பிறகு வெட்டுகிறவர் அந்த இடத்தை ஒதுக்கிக்கொள்வார். இதுதான் என் வேலை.

அவள் எம்.ஃபில். சேர்ந்த புதிதில், அப்படி என்னதான் படிக்கிறாய் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்க மேசைக்கு ஒரு ரோல் துணி வருதுங்க. அதுல ஓட்டை இருக்கும், இல்லாட்டி இருக்காது. ரெண்டுல ஒண்ணுதானே?”

“ஆமா.”

“அந்த ரோலு முடியவே முடியாதுன்னு வெச்சுக்குங்க. ஓடீட்டே இருக்குது. இப்பச் சொல்லுங்க பாப்பம்.”

யோசித்துப் பார்த்தேன். ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். படாதவரைக்கும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த மீட்டரில் வரலாம். பார்த்து முடிக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன்.

“கணக்குப் படிச்சவங்க முக்காவாசிப் பேரு சொல்லிருவாங்க. பாக்கறமோ இல்லியோ, ரெண்டுல ஒண்ணு உறுதிம்பாங்க. அப்படிச் சொல்லக் கூடாது, கையில எடுத்துக் காட்டுனாத்தான் ஒத்துக்குவோங்கற கூட்டமும் ஒண்ணு இருக்குது. நான் படிக்கறது அவங்க வழிக் கணக்குங்க.”

அதற்குப் பிறகு செக்கிங் மேஜையில் நிற்கும்போதெல்லாம் அந்த முடியாத ரோல் ஞாபகம் வரும்.

கல்யாணம் ஆகி வரும்போதே அவள் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். மெட்ரிக் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டே, மகள் பிறந்த பிறகு, தபாலில் எம்.எஸ்ஸி. முடித்தாள். அதற்கு மேலும் படிக்க வேண்டும், கோயமுத்தூருக்குத் தினமும் போய்வர வேண்டும் என்று அவள் சொன்னபோது எனக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தெரியவில்லை. குண்டடத்துப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவிடம் கேட்டேன். அக்கா, சாமியைக் கேட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டது.

எங்கள் பக்கம் எந்தக் காரியம் என்றாலும் குலதெய்வத்திடம் பூப்போட்டுப் பார்க்காமல் ஆரம்பிக்க மாட்டோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி காலடியில் போட்டுவிட்டு, ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு வந்தால் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். அன்றைக்குப் பொட்டலம் எடுத்தது எங்கள் மகள்தான். வெள்ளை வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் “சாமியே படிக்கச் சொல்லிருச்சுங்க” என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவேன்.

அந்த ஒரு வருடமும் வீட்டில் காகிதம்தான். கட்டிங் டேபிளில் துணி மேல் விரித்து அளவு போடும் நீளக் காகிதத்தில் மிச்சம் விழுவதைக் கேட்டு வாங்கி வருவேன். அதைக் கூடம் முழுக்க விரித்து, ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரைக்கும் மண்டி போட்டபடியே எழுதிக்கொண்டு போவாள். எண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தலைகீழான இங்கிலீஷ் ஏ, திருப்பிப் போட்ட ஈ, அம்பு, அடைப்புக்குறி, இவைதான் வரிசையாக ஊர்ந்து போகும். குறுக்கே நடந்தால் மகள் அதட்டுவாள். நானும் ஓரமாகச் சுவரை ஒட்டியே பூஜை அறைக்குப் போவேன்.

ஒருநாள் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, எண்ணெல்லாம் சாமி படைத்ததா, மனுசன் உண்டாக்கினதா என்று கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதுதான் அவர்கள் படிப்பில் தீராத சண்டையாம். எண் ஏற்கெனவே எங்கோ இருக்கிறது, நாம் போய்ப் பார்ப்பதுதான் என்று ஒரு பக்கம். இல்லை, நாம் செய்யச் செய்யத்தான் உண்டாகிறது என்று மறுபக்கம். கோயிலில் கல்லை நட்டது எங்கள் பாட்டன், ஆனால் சாமி அதற்கு முன்னாலேயே இருந்ததே, அப்படி இருக்கலாமே என்றேன். சிரித்துவிட்டாள்.

“இதைச் சொன்னீங்கன்னா ரெண்டு கச்சிக்காரங்களும் சேர்ந்து உங்களை அடிக்க வருவாங்க.”

எனக்கு அதில் ஒரு பெருமை. என்னை அடிக்க வருகிற அளவுக்கு நானும் ஏதோ சொல்லியிருக்கிறேனே.

ஆய்வேட்டை பைண்டிங் செய்து கொடுத்தாகிவிட்டது. வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர் அதைப் படித்து, நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருப்பதாக அவளுடைய கைடு அம்மா போனில் சொன்னார்கள். இனி வைவா ஒன்றுதான் பாக்கி. எல்லார் முன்னாலும் நின்று பேசி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அது முடிந்துவிட்டால், ஜூன் மாதமே திருப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துகொள்ளலாம் என்று அந்தக் கல்லூரிக்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். முடியாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். நான் அதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அக்காவுக்குச் சொன்னேன், பங்காளி வீடுகளுக்குச் சொன்னேன், கம்பெனியில் என்னோடு நிற்கும் நான்கைந்து பேருக்கும் சொன்னேன். அதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ அண்ணாச்சி, அவள் பெயரைச் சர்ச்சில் ஜெபத்துக்கே கொடுத்துவிட்டார். வேன் பேசியாயிற்று. அக்கா, வெறுங்கையோடு போவதா என்று கேட்டது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

வைவாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே ஒரு நிரூபணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுபோனாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதே இடத்தில் நின்றாள். கீரையை அப்படியே போட்டுவிட்டுப் போய் ஆய்வேட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள்.

என்ன அம்மிணி என்றேன். மூன்றாவது அத்தியாயம் முழுவதையும் கையில் எடுத்துக் காட்டியே நிரூபித்ததாக எழுதியிருந்தாளாம். ஆனால் நடுவே ஒரு வரியில், அவளுக்கே தெரியாமல், ‘இது இருக்கும், அல்லது இருக்காது’ என்று எடுத்துக்கொண்டு இரண்டு வழியாகப் பிரித்துப் போயிருக்கிறாள். எதைச் செய்யக் கூடாது என்று வருடம் முழுக்கப் படித்தாளோ அதுவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

“முடியாத ரோலைப் பாத்து முடிச்ச மாதிரி எழுதீட்டனுங்க,” என்றாள்.

அப்போது எனக்குப் புரிந்தது.

கைடு அம்மாவுக்கு போன் போட்டாள். அவர்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டார்கள். தப்புதான், நானும் கவனிக்கவில்லை, வெளியூர்ப் பேராசிரியரும் கவனிக்கவில்லை, சொல்வதா வேண்டாமா என்பது உன் முடிவு, நீ எப்படிச் செய்தாலும் நான் பக்கத்தில் இருப்பேன் என்றார்களாம்.

சொன்னால் பாஸ் கிடைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஒரு வேன் ஜனத்தை வேறு கூப்பிட்டு வைத்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்க வேண்டியதாகிவிட்டால்? வேனை வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“வரச் சொன்னது சொன்னதாவே இருக்கட்டுமுங்க,” என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குண்டடத்துக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அக்கா முதலில் என்னைத்தான் பிடித்தது.

“ஏன்டா தம்பி, நீ துணியில ஓட்டை பாக்கறே, அவ கணக்குல ஓட்டை பாக்கறா. நல்ல ஜோடிதான் போ. அதுவும் அவ போட்ட ஓட்டைய அவளே பாக்கறா.”

பிறகு அக்காவே, இதற்கு எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், சொல்வதா வேண்டாமா என்று சாமியிடம் பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்றது. எனக்கு அது கேட்டு மனம் லேசானது. கோயிலுக்குப் போனோம். பூசாரி வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டலம் மடித்துவிட்டார். மகள் எடுக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தாள்.

“வேண்டாமுங்க அண்ணி. தெரியாததைத்தான் சாமிகிட்டக் கேக்கோணும். இது எனக்குத் தெரியுதே.”

பூசாரி என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தது. நான் சாமியைப் பார்த்தேன். அவள் அந்தப் பொட்டலங்கள் இரண்டையும் பிரித்து, வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்தே சாமி காலடியில் போட்டுவிட்டு, விழுந்து கும்பிட்டாள். எழுந்து நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நாற்பது வருடமாகச் சாமி கும்பிடுகிறவன் நான். அப்படி ஒரு கும்பிடை அதுவரை பார்த்தது இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா, காய்ந்துகொண்டிருந்த தேங்காய்களில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துத் தனியே வைத்தது.

வைவா அன்றைக்கு அவள் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டாள். நாங்கள் பின்னால் வேனில் போனோம். அக்கா ஏழு தட்டு தயார் செய்திருந்தது. மஞ்சள் பூசின தேங்காய், பூவன் பழம், ஆப்பிள், கற்கண்டு, வெற்றிலை பாக்கு, மல்லிகைப் பூ, ஒரு தட்டில் சேலை. எல்லாவற்றின் மேலும் ஜிகினா வைத்த துணி மூடியிருந்தது. பத்து இருபது பேர் பட்டுச் சேலையும் வேட்டியுமாக இறங்கியதைப் பார்த்த கல்லூரிக் காவலாளி ஓடி வந்தார்.

“மண்டபம் அடுத்த ரோட்டுலீங்க. திருப்பிக்குங்க.”

இல்லீங்க, வைவாவுக்கு வந்திருக்கோமுங்க என்றேன். அவர் தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வழிகாட்டினார்.

வராண்டாவில் வரிசையாகத் தட்டுகளோடு நாங்கள் நடந்துபோனபோது வகுப்பிலிருந்த பெண்பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இங்கே யாரும் தட்டோடு வருவதில்லை என்று. காபியும் பலகாரமும் வாங்கி வைப்பார்கள், அவ்வளவுதான். கைடு அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். என் மனைவி அறை வாசலில் நின்றிருந்தாள். கோபித்துக்கொள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். தட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தவள், தேங்காய்க்கு மஞ்சள் பூசியது அண்ணியா என்று மட்டும் கேட்டாள்.

கடைசி பெஞ்சுகளில் தட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். வெளியூர்ப் பேராசிரியர் வயதானவர், கண்ணாடி போட்டவர். எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார். அவள் எழுந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சாக்பீஸைக் கையில் எடுக்கவில்லை. இங்கிலீஷில் பேசினாள். பேஜ் என்ற வார்த்தையும் மிஸ்டேக் என்ற வார்த்தையும் எனக்குப் பிடிபட்டன. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்.

அக்கா என் முழங்கையை இடித்தது. என்ன சொல்கிறாள் என்றது. தப்பு இருக்கிறது என்று சொல்கிறாள் என்றேன். யார் தப்பு? அவள் தப்பு. “ஒருத்தருமே கேக்கலியே?” என்று அக்கா காதோரம் சொன்னது.

பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில் நிறுத்தினார். விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே போனார். விரல் நின்றது. அந்த வரியை மேலும் கீழுமாகத் திரும்பப் படித்தார். எங்கள் அண்ணாச்சி உதட்டை அசைத்து ஜெபம் செய்துகொண்டிருந்தார். நானும் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், பாஸ் கொடு என்று இல்லை, அவள் கால் நடுங்காமல் பார்த்துக்கொள் என்று.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். எங்களுக்கும் புரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தமிழில் பேசினார்.

“நான் இதை ரெண்டு தடவை படிச்சேம்மா. எனக்குப் படவே இல்லை. சரி, இதைச் சரிபண்ண முடியுமா?”

“தெரியலீங்க சார். முயற்சி பண்ணிப் பாத்தேன். முடியும்னும் காட்ட முடியலை, முடியாதுன்னும் காட்ட முடியலை.”

அவர் சிரித்துவிட்டார். கைடு அம்மாவும் சிரித்தார்கள். உன் படிப்புக்கு ஏற்ற பதில்தான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டு, அந்த வரி போனால் எது எதெல்லாம் போகும், எது நிற்கும் என்று காட்டச் சொன்னார். இப்போதுதான் அவள் சாக்பீஸை எடுத்தாள். கூடத்தில் மண்டி போட்டு எழுதிய அதே தலைகீழ் எழுத்துகள் பலகையில் நடந்தன. முதல் இரண்டு அத்தியாயமும் நிற்கும் என்று காட்டினாள். மூன்றாவது, அந்த ‘ரெண்டுல ஒண்ணு’ என்பதைக் கடனாக வாங்கினால்தான் நிற்கும், அப்படி வாங்கியதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்றாள். அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள். சில கேள்விக்குத் தெரியாது என்றாள். அவள் குரல் எங்கும் தாழவில்லை.

முடிவில் துறைத் தலைவர் எழுந்து, வந்திருப்பவர்கள் யாராவது கேள்வி கேட்பதானால் கேட்கலாம் என்றார். அது சடங்குக்குச் சொல்வது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? எழுந்து நின்றுவிட்டது. நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

“ஏனுங்க சாமி, அவ தப்பை அவளே எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டா. இப்பப் பாசுங்களா, பெயிலுங்களா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிப்போடுங்க.”

அறை மொத்தமும் சிரித்தது. என் மனைவி முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. பேராசிரியர் எழுந்து நின்று அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பாஸ்தாங்கம்மா. திருத்தத்தை ஒரு பக்கம் அச்சடிச்சு எல்லாக் காப்பியிலயும் ஒட்டிரணும். அவ்வளவுதான்.”

அக்கா உட்காரவே இல்லை. நேராகப் போய் ஒரு தட்டை எடுத்து வந்து என் மனைவி கையில் கொடுத்தது. எங்கள் பக்கம் சீர் என்பது பெண் பிறந்த வீட்டிலிருந்து வருவது. மருமகளுக்கு எங்கள் வீட்டுத் தட்டு போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் குனிந்து வாங்கினாள். அப்போதுதான் கண் கலங்கியது அவளுக்கு. பேராசிரியர் ஒரு பூவன் பழத்தை உரித்தபடி என்னிடம் வந்து, எத்தனையோ வைவாவுக்குப் போயிருக்கிறேன், தேங்காய் பழத்தோடு நடந்தது இதுதான் என்றார். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அடுத்து பிஎச்.டி. வைவாவுக்கும் இப்படியே வாருங்கள் என்றார்.

திருத்தப் பக்கம் அச்சாகி வந்த அன்று, ஒட்டுகிற வேலையை நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். துணியில் ஓட்டைக்கு நேராக ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கை. அந்த வரிக்கு நேராக, ஓரம் கோணாமல் ஒவ்வொரு காப்பியிலும் ஒட்டினேன். ஜூன் மாதம் அவள் கல்லூரியில் சேர்ந்தாள்.

எங்கள் காப்பி பூஜை அறையில், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன புத்தகம் என்று கேட்டால் கையைக் கழுவிக்கொண்டு வந்து எடுத்துக் காட்டுவேன். உள்ளே இருப்பது ஒன்றையும் எனக்குப் படிக்கத் தெரியாது. ஒட்டின பக்கத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே புரட்டிவிடுவேன்.

“இது என்ற வீட்டுக்காரியே கண்டுபிடிச்சதுங்க,” என்பேன்.